மலைகளும் தீவுகளே

மாத்தளை நகரை விட்டு இரத்தோட்டை வழியாகக் கிழக்கே செல்லும் மலைப்பாதை, வளைந்து வளைந்து ஏறி, ரிவஸ்டன் என்னும் இடத்தில் முகட்டைத் தொட்டு, அப்பால் இலக்கலைப் பகுதியை நோக்கி இறங்குகின்றது. ஏறத் தொடங்கும்போது உடம்பில் வியர்வை. முகட்டை அடைந்ததும் முகத்தில் மூடுபனி. சிறிது நேரப் பயணத்திலேயே வெப்பநாட்டை விட்டுக் குளிர்நாட்டிற்குக் குடிபெயர்ந்துவிட்டோமோ என்று எண்ணத் தோன்றும்.

இம்மலைத்தொடரைத் தொலைவிலிருந்து பார்த்த ஆங்கிலேயருக்கு அது மடக்கிய கையின் விரல் முட்டிகளைப்போலத் தோன்றியது. ஆகவே, 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் இதனைத் தும்பறை மலைத்தொடர் என வழங்குவர். மாத்தளை, கண்டி ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் இத்தொடரின் மிக உயர்ந்த சிகரம் கொம்பனியா. அதன் உயரம் 1906 மீட்டர்.

இம்மலைக் காட்டில் ஓர் ஓணான் வாழ்கின்றது. அதன் மூக்கு நுனியில் தட்டையான, இலைபோன்ற ஒரு சதைப்பகுதி நீண்டிருக்கும். பாசி படிந்த கிளையில் அது அசையாது அமர்ந்திருக்குங்கால், ஓணான் எது, இலை எது என்று பிரித்தறிதல் எளிதன்று. ஏலச் செடிகளுக்கு இடையிலும் சிலவேளை இதனைக் காணலாம். இந்த இலைமூக்கு ஓணான் தும்பறை மலைகளில் உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. மகாவலிப் பள்ளத்தாக்கிற்குத் தெற்கே, நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் இதே குளிரும் இதே மூடுபனியும் உள்ளன. ஆயினும், அங்கே இது இல்லை. அங்கு வாழ்வது இதன் உறவினமாகிய வேறோர் ஓணான். அதன் மூக்கில் இலை இல்லை, காண்டாமிருகத்திற்கு இருப்பதுபோன்ற கூரிய கொம்பு உண்டு. இன்னும் தெற்கே, இறக்குவானை மலைகளில் கொம்பு மிகச் சிறுத்த வேறு இரண்டு இனங்கள் வாழ்கின்றன; அவை 1998ஆம் ஆண்டில்தான் பெயர் பெற்றன.

மலைக்கொரு மூக்கு! இது எவ்வாறு நேர்ந்தது? இவ்வினாவிற்கு விடை காண அறிவியலாருக்கு ஒரு நூற்றாண்டிற்கு மேல் தேவைப்பட்டது. அந்த வரலாற்றையே இன்று சுருக்கமாகக் காண்போம்.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக 1845ஆம் ஆண்டு முதல் 1850ஆம் ஆண்டு வரை பணியாற்றியவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். இத்தீவின் விலங்குகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1861இல் வெளிவந்தது. அதே ஆண்டில், நாம் கூறிய இலைமூக்கு ஓணானுக்கு விலங்கியலறிஞர் குந்தர் அறிவியற் பெயர் சூட்டியபோது, டெனன்டின் பெயரையே அதற்கு அளித்தார். பேர்லின் நகரத்து விலங்கியலாராகிய பீற்றர்ஸ், இலங்கை மலைகளில் வாழும் குள்ள ஓணான் ஒன்றிற்குப் பெயரிட்டதும் அவ்வாண்டிலேதான். இந்தக் குள்ள ஓணானை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம்.

அக்காலத்து அறிஞர் பலர் ஐரோப்பாவில் அமர்ந்து, கப்பலில் வந்த சாராயக் குப்பிகளைத் திறந்து, உள்ளே கிடந்த உயிர்களின் செதில்களை எண்ணிப் பெயரிட்டனர். குப்பியின்மேல் ஒட்டிய சீட்டில் 'இலங்கை' என்ற ஒரு சொல்லே பலவேளைகளில் எழுதப்பட்டிருக்கும். எந்த மலை, எந்த ஓடை, ஆற்றின் எந்தக் கரை என்பதைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஓர் இனம் எங்கே வாழ்கின்றது என்பது, அது எவ்வாறு தோன்றியது என்பதற்கே சான்றாகும் என்ற எண்ணம் அப்போது வேரூன்றவில்லை.

இக்குறையை முதலில் எடுத்துக் காட்டியவர்களுள் ஆல்பிரட் ரசல் வாலேஸ் ஒருவர். அமேசான் ஆற்றங்கரைகளில் ஆண்டுக்கணக்கில் அலைந்த அவர், ஆற்றின் ஒரு கரையில் காணப்படும் குரங்கினம் மறுகரையில் இல்லாமையையும், அதன் இடத்தில் அதனையொத்த வேறோர் இனம் வாழ்வதையும் கண்டார். 1852ஆம் ஆண்டில் இலண்டனில் வாசித்த கட்டுரையில், 'பிரேசில்' என்றும் 'பெரு' என்றும் பொதுப்படக் குறித்துவைப்பதால் பயனில்லை, பிடித்த இடத்தைத் துல்லியமாகக் குறித்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

பேரறிஞர் டார்வினும் இப்பாடத்தைத் தம் பிழையின் வாயிலாகவே கற்றார். 1835ஆம் ஆண்டில் கலாபகோஸ் தீவுகளில் தாம் பிடித்த சிறு குருவிகளை எந்தெந்தத் தீவில் பிடித்தோம் என்று அவர் ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. நாடு திரும்பிய பின்னர், கப்பற் தலைவரும் பிறரும் சேர்த்துவைத்திருந்த பறவைகளின் குறிப்புகளை நாட வேண்டியதாயிற்று. 1859இல் அவர் வெளியிட்ட நூல், இனங்கள் மாறுகின்றன என்பதையும், இயற்கைத் தேர்வு அம்மாற்றத்தை எவ்வாறு நடத்துகின்றது என்பதையும் உலகிற்கு உணர்த்தியது. ஆனால், ஓர் இனம் இரண்டாகப் பிரிவதற்கு இடப்பிரிவு எவ்வளவு இன்றியமையாதது என்பதில் கருத்து வேற்றுமை நீடித்தது. செருமானிய அறிஞர் மோரிட்ஸ் வாக்னர், 1868ஆம் ஆண்டில், பிரிந்து தனித்து வாழாமற் புதிய இனம் உருவாகாது என்று வாதிட்டார். அவ்வாதம் உரிய மதிப்பைப் பெற நெடுங்காலம் சென்றது. 1942ஆம் ஆண்டில் ஏர்ன்ஸ்ட் மாயர் எழுதிய நூலே, புவியியற் பிரிவினால் இனங்கள் பிறக்கின்றன என்ற கொள்கையை ஏராளமான சான்றுகளுடன் நிலைநாட்டியது.

அக்கொள்கையைத் தமிழர்க்கு நன்கு பழக்கமான ஓர் உவமையால் விளக்கலாம். பண்டைச் சேரநாட்டு மக்களும் பாண்டிய சோழ நாட்டு மக்களும் ஒரு மொழியையே பேசினர். இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நின்றது. கிழக்கே பிறந்த புதுச்சொல் மேற்கே செல்லவில்லை. மேற்கே நேர்ந்த ஒலித்திரிபு கிழக்கே வரவில்லை. நூற்றாண்டுகள் பல கழிந்தபின், ஒரு தாயின் பிள்ளைகள் இருவர் இரு மொழியினராயினர். மலையாளம் தனிமொழியாயிற்று. எவரும் திட்டமிட்டு அதனைப் படைத்தாரல்லர். போக்குவரத்துக் குறைந்தது, காலம் நீண்டது. அவ்விரண்டுமே போதுமானவையாக இருந்தன.

உயிர்களின் நிலையும் இதனையொத்ததே. ஒவ்வோர் உயிரும் தன் பெற்றோரிடமிருந்து மரபணுக்களைப் பெறுகின்றது. அவை பிரதி செய்யப்படும்போது அங்குமிங்கும் சிறு பிழைகள் நேர்கின்றன. இனம் முழுவதும் ஒன்றோடொன்று கலந்து வாழும்வரை, ஓரிடத்தில் தோன்றிய மாற்றம் எங்கும் பரவும், அல்லது கலப்பிற் கரைந்து மறையும். இடையே ஒரு தடை எழுந்துவிட்டால் கலப்பு நின்றுவிடும். பின்னர், இருபுறத்தும் நேரும் மாற்றங்கள் தனித்தனியே சேர்ந்துகொண்டே போகும். இரை, பகைவிலங்கு, தட்பவெப்பம் ஆகியவை இருபுறத்தும் வேறுபடுமாயின், இயற்கைத் தேர்வு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வழியில் இழுத்துச் செல்லும். கூட்டம் சிறிதாயின், தற்செயலும் தன் பங்கைச் செய்யும். முடிவில் இரண்டும் மீண்டும் சந்தித்தாலும் ஒன்றையொன்று துணையாக ஏற்பதில்லை. ஏற்றாலும் வளமான வழித்தோன்றல் பிறப்பதில்லை. அந்நிலையை எய்தியவற்றையே இரு வேறு இனங்கள் என்கின்றோம். உவமை இவ்விடத்தில் நின்றுவிடுகின்றது. பிரிந்த மொழிகள் மீண்டும் சொற்களைக் கடன் வாங்கலாம். முற்றாகப் பிரிந்த இனங்களுக்கு அவ்வசதி இல்லை.

சரி, தும்பறை மலைகளைப் பிரித்த தடை யாது? இங்கே கடல் இல்லையே என்று நேயர்கள் வினவலாம். கடல் இல்லைதான், பள்ளத்தாக்கு உண்டு. தெற்கே மகாவலி கங்கை கண்டி நகரைச் சுற்றி வந்து, தும்பறைப் பள்ளத்தாக்கின் வழியே கிழக்கு நோக்கிப் பாய்கின்றது. மேற்கே மாத்தளைப் பள்ளத்தாக்கு. கிழக்கிலும் வடக்கிலும் உலர்வலயத்துச் சமவெளி. ஆக, நாற்புறமும் தாழ்நிலம் சூழ, நடுவே தும்பறை நிற்கின்றது.

அத்தாழ்நிலத்தைக் கடத்தல் அவ்வளவு கடினமா? நமக்கன்று, காகத்திற்கும் சிறுத்தைக்கும் அன்று. குளிர்க்காட்டின் ஈரத்திலேயே உயிர்வாழும் சிற்றோணானுக்கோ அது கடலே. ஆயிரம் மீட்டர் உயரே செல்லச் செல்ல வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியசு குறைகின்றது. கண்டி நகரின் உயரம் ஏறக்குறைய 500 மீட்டர்; நுவரெலியாவின் உயரம் 1868 மீட்டர். கண்டியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 24 பாகை. நுவரெலியாவில் 16 பாகைதான். இவ்வேற்றுமை நமக்கு ஒரு போர்வையளவு. மூடுபனிக் காட்டின் ஓணானுக்கு அது வாழ்விற்கும் சாவிற்கும் இடைப்பட்ட எல்லை. இதனால், நீல நீர் சூழாவிடினும் தும்பறை ஒரு தீவேயாகும்; வெம்மை சூழ்ந்த தீவு.

இப்போது, முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன குள்ள ஓணானுக்கு வருவோம். ஒரு சாணுக்கும் குறைந்த நீளமும், கிளையைச் சுற்றிப் பற்றும் வாலும் உடையது இது. ஓணான்கள் பெரும்பாலும் மண்ணில் முட்டையிடும். இதுவோ குட்டி ஈனும் இயல்பினது. 1861இல் பீற்றர்ஸ் பெயரிட்ட பின்னர், ஏறத்தாழ 145 ஆண்டுகள் இது ஒரே இனம் என்றே கருதப்பட்டு வந்தது. ஹோட்டன் சமவெளியில் இருப்பதும் தும்பறையில் இருப்பதும் ஒன்றே எனப் பலரும் நம்பினர். தும்பறையில் வாழ்வனவற்றைத் தனியே எடுத்து, உடலளவையும் செதில்களின் அமைப்பையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அவை வேறோர் இனம் என்பது புலனாயிற்று. 2006ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுக்கள், ஒன்றிற்கொன்று தொடர்பின்றி, ஏறத்தாழ ஒரே காலத்தில் அதனை வெளியிட்டன. இரு குழுவினரும் 'தும்பறை' என்ற சொல்லையே பெயராகத் தெரிந்தெடுத்தனர் என்பது வியப்பன்றோ! முதலில் அச்சேறிய பெயரே, விதிப்படி, நிலைபெற்றது. பள்ளத்தாக்கு என்றோ பிரித்து வைத்துவிட்ட ஓர் இனத்தை நம் ஏடுகள் 2006இல்தான் பிரித்து எழுதின.

இதனினும் விந்தையான செய்தி ஒன்று உண்டு. இலங்கைக்கும் தமிழகத்திற்கும் இடையே உள்ள கடல் ஆழமற்றது. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில் இருந்தபோது, கடல்மட்டம் இன்றுள்ளதிலும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் இரு நாடுகளையும் நிலம் இணைத்தது. விலங்குகள் கடந்து செல்ல வழி திறந்திருந்தது. அப்படியாயின், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டு உயிர்களும் இலங்கையின் ஈரக்காட்டு உயிர்களும் தாராளமாகக் கலந்திருக்க வேண்டுமல்லவா? தவளை, நன்னீர் நண்டு, மீன் முதலியவற்றின் மரபணுக்களை ஆராய்ந்து 2004இல் வெளிவந்த ஆய்வொன்று, அவ்வாறு நிகழவில்லை எனக் காட்டியது. கடந்தவை மிகச் சிலவே. ஏனெனில், இணைப்பாகக் கிடந்த நிலமும் அதன் இருபுறத்துச் சமவெளியும் வெப்பமும் வறட்சியும் மிக்கவை. நிலம் இருந்தும் வழி இல்லை.

காப்பித் தோட்டக் காலத்தில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். நீரின்மையாலும் நோயினாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். பகுத்தறிவும் நீர்க்குடமும் துணையாகக் கொண்ட மனிதர்க்கே அச்சமவெளி அத்துணைக் கொடிதாயின், ஈரத்தோலே உயிராகக் கொண்ட சிறு தவளைக்கு அது எத்தகையதாய் இருந்திருக்கும்!

ஒருவனுக்குச் சுவர் ஆவது மற்றொருவனுக்கு வழி ஆதலும் உண்டு. ஆற்றுமீனை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பள்ளத்தாக்கே பெருவழி, மலைமுகடே சுவர். தும்பறையின் வடசரிவில் தோன்றும் ஓடைகள் அம்பன் கங்கையிற் கலக்கின்றன. அந்த அம்பன் கங்கைப் படுகையை விட்டு வேறெங்கும் காணப்படாத கெண்டை இனம் ஒன்று 1985இல் பெயரிடப்பட்டது. அதன் நெருங்கிய உறவினங்கள் இலங்கையின் பிற ஆறுகளிலும் தென்னிந்திய ஆறுகளிலும் வாழ்கின்றன. ஓணானைப் பிரித்தது தாழ்நிலம். மீனைப் பிரித்தது மேட்டுநிலம். ஆகவே, தடை எது என்பதை நிலப்படத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட இயலாது. அந்த உயிரின் வாழ்க்கையை அறிந்தே சொல்ல வேண்டும்.

பிட்டவலப் பத்தனையை அறிந்த நேயர்கள் அங்குள்ள பாறைகளையும் அவற்றின்மேல் வழியும் நீரையும் அறிவர். அத்தகைய ஈரப்பாறைகளின் வெடிப்புகளில், தட்டையான உடல் கொண்ட பாறைத்தவளை ஒன்று வாழ்கின்றது. 1946ஆம் ஆண்டில் கீர்த்திசிங்க என்ற இலங்கை விலங்கியலார் இதற்குப் பெயரிட்டார். இதன் தலைப்பிரட்டைகள் குளத்தில் நீந்துவதில்லை. பாறைமேல் மெல்லியதாய்ப் படர்ந்தோடும் நீரிலேயே ஒட்டி வளர்கின்றன. இதுவும் தும்பறைக்கே உரியது. இதன் பேரினம் இலங்கைக்கு மட்டுமே உரியது. ஓர் உறவினம் தென்மேற்கின் ஈரவலயத்தில் உண்டு. மற்றொன்று கிழக்குப் பகுதியில் கண்டறியப்பட்டு 2007இல் பெயர் பெற்றது. நான்காவது உறவினமும் ஒன்று இருந்தது. 1882இல் அதற்குப் பெயரிட்டனர். அதற்குப்பின் அதனை உயிருடன் கண்டார் எவருமிலர். அது அழிந்தொழிந்தது என்பதே இன்றைய அறிஞர் முடிபு. அது எந்த மலையில் வாழ்ந்தது, எந்த ஓடையில் முட்டையிட்டது என்பதும் நமக்குத் தெரியாது. ஏனெனில், அதன் சீட்டில் எழுதப்பட்டிருந்தது 'இலங்கை' என்ற ஒரு சொல்லே. வாலேஸ் வேண்டிக்கொண்ட அந்தச் சிறு குறிப்பு இருந்திருந்தால், தேடுவதற்கேனும் ஓர் இடம் நமக்குக் கிடைத்திருக்கும்.

தனிமை புதிய இனத்தை ஆக்குகின்றது என்று கண்டோம். அதே தனிமை அவ்வினத்தை எளிதில் அழியவும் விடுகின்றது. சமவெளி எங்கும் பரவிய கரட்டோணானுக்கு ஓரிடத்தில் இன்னல் நேர்ந்தால், மற்றோரிடத்திலிருந்து அதன் இனம் மீண்டும் வந்து குடியேறும். தும்பறையின் குள்ள ஓணானுக்கு அத்தகைய மற்றோரிடம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்காகவும், பின்னர்த் தேயிலைக்காகவும் மலைச்சரிவுகள் வெட்டப்பட்டன. எஞ்சிய உயர்காட்டில் மேல்மரங்களை நிழலுக்கு விட்டு, கீழ்வளர்ச்சியை அகற்றி, ஏலம் நட்டனர். 2000ஆம் ஆண்டில் இப்பகுதி பாதுகாப்பு வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல், சிவனொளிபாதமலைக் காட்டுடனும் ஹோட்டன் சமவெளியுடனும் சேர்த்து, 'இலங்கையின் மத்திய மலைநாடு' என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆயினும் ஆபத்து நீங்கிற்று எனல் பொருந்தாது. அருமையே விலையாகும் உலகம் இது. வெளிநாட்டுச் செல்லப்பிராணி வணிகர் இவ்வோணான்களைக் களவாகக் கொள்ளத் தலைப்பட்டனர். அதனைத் தடுக்கும்பொருட்டு, 2019ஆம் ஆண்டில் செனீவாவில் கூடிய பன்னாட்டு மாநாடு, இலைமூக்கு ஓணானையும் தும்பறைக் குள்ள ஓணானையும், காட்டில் பிடித்தவற்றின் வணிகத்தை முற்றாக விலக்கும் முதலாம் பட்டியலிற் சேர்த்தது.

சட்டத்தாற் தடுக்கவொண்ணாத மற்றோர் ஆபத்தும் உண்டு. அது புவி வெப்பமாதல். உயரத்திற்கும் வெப்பத்திற்கும் உள்ள கணக்கை முன்னரே கூறினோம். அக்கணக்கின்படி, வெப்பம் ஒரு பாகை உயருமாயின், பழைய குளிரைத் தேடும் உயிர் ஏறத்தாழ 150 மீட்டர் மேலே ஏற வேண்டும். மேலே ஏற ஏற மலை ஒடுங்கும். கொம்பனியாவின் உச்சி 1906 மீட்டரில் முடிந்துவிடுகின்றது. அதற்குமேல் வானமே உண்டு. தெற்கே இன்னும் உயர்ந்த மலைகள் உள்ளன. ஆனால், இடையே கிடப்பது அதே பள்ளத்தாக்கு. தும்பறை ஓணானைத் தனி இனமாக்கிய அந்தச் சுவர், அது தப்பிச் செல்லும் வழியையும் அடைத்து நிற்கின்றது.

நேயர்களே, ஓர் இனம் உருவாக எடுக்கும் காலத்தை நம் ஆண்டுக்கணக்கில் அளந்துகொள்வது கடினம். அது அழிய எடுக்கும் காலத்தையோ ஒரு தோட்டத்தின் கணக்குப் புத்தகத்திலேயே எழுதிவிடலாம். மாத்தளையில் வாழ்வோர் இம்மலையை நாள்தோறும் பார்க்கின்றனர். ஏலம் பறிக்கும் கைகளும், கொழுந்து கொய்யும் கைகளும், விறகு பொறுக்கும் கைகளும் இவ்வுயிர்களுக்கு மிக அருகில் உள்ளன. நூல்களில் இடம்பெறாத பல செய்திகளை அவர்கள் அறிந்திருக்கக்கூடும். இனி ரிவஸ்டன் பாதையிற் செல்லும்போது, பாசிக் கிளையில் அசையாத ஓர் இலை உங்கள் கண்ணிற் பட்டால், அதனைத் தொடாது சற்று நின்று பாருங்கள். கண்ட இடத்தையும் மறவாது குறித்துவையுங்கள்.